நாமத்தின் கீழே ஒரு கட்டம்

ஓரிக்கை மாணிக்கவேலுக்குச் சின்னக் காஞ்சிபுரத்தில் டி.வி. பழுது பார்க்கும் கடை. எந்தப் பெட்டிக்கும் தலையில் ஒரு தட்டுத் தட்டித்தான் வைத்தியம் தொடங்குவார். மனிதர்களிடம் மட்டும் குரல்கூட உயர்த்த மாட்டார்.

தொண்ணூற்றிரண்டில், ஒரு பள்ளிக்கூடம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் அவர் கைக்கு வந்தது. டி.வி.யோடு இணைத்து, டேப்ரிகார்டரில் கேசட்டைப் போட்டால், ஐந்து நிமிஷம் கீச்சென்று கத்திவிட்டுப் படம் காட்டும். எட்டு நிறம் அதற்குத் தெரியும். ஆனால் சரியான கஞ்சப்பிசினாறி. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம். மூன்றாவது வந்தால் முன்னதில் ஒன்று ஓடிப்போகும்.

மாணிக்கவேல் அதில் பெருமாளை வரையப் புறப்பட்டார். முகம் நீலம், நாமம் வெள்ளை, நடுவே சிவப்பு. மூன்று! முதல் நாள் திருமுகம் முழுக்கச் சிவப்பு அப்பிக்கொண்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அழித்தார். பிறகு கணக்கு நோட்டில் வரைந்து, சிவப்புக்குத் தனிக் கட்டம், வெள்ளைக்குத் தனிக் கட்டம் என்று ஒதுக்கினார். மூன்று மாதம் ஓடிற்று.

"பெருமாளுக்கு மூக்கு வைக்கவே பத்து நாள் கட்டம் எண்ணிக்கினு இருந்த. எனக்கு மூக்குத்தி எப்போ?" என்றாள் மனைவி துர்கா.

அவருக்கு ஒரே ஆசை. புரட்டாசி சனிக்கிழமை மாலை, பஜனைக் கோயில் வாசலில், பெருமாள் புறப்படும்போது அந்தப் படம் ஓட வேண்டும். அவர் அப்பா கலியன் அந்தத் தெருவில் நாற்பது வருஷம் பந்தல்கால் நட்டவர். கால் நடும்வரை முன்னால் நிற்கலாம். கும்பிடும்போது கடைசி வரிசை.

கோயில் கமிட்டிக்கு இரண்டு பெரியவர்கள். பராங்குசம் தென்கலை, தேசிகாச்சாரி வடகலை. தென்கலை நாமத்துக்கு மூக்கின்மேல் இறங்கும் பாதம் உண்டு, வடகலைக்குக் கிடையாது. பெருமாளுக்கு எது சரி என்று பெருமாளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒத்திகை.

"ஏம்ப்பா மாணிக்கம், பாதத்தைக் காணோமே?" என்றார் பராங்குசம்.

"இதோ போட்டுடறேன் சாமி." நாமத்தின் கீழே ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் சேர்த்தார்.

அவர் போனதும் தேசிகாச்சாரி வந்தார். "மூக்குல என்னப்பா சுண்ணாம்பு?"

"பாதம் சாமி. பராங்குசம் சாமி சொன்னாரு."

"அவர் ஆத்துல போட்டுக்கட்டும். எடு அதை."

எடுத்தார். மறுபடி பராங்குசம் வந்தார். நாலு மணிக்குள் அந்த ஒற்றைக் கட்டம் பதினொரு முறை வந்து போயிற்று. கடைசியில் இருவரும் நேருக்கு நேர் நின்று, ஒருவர் "பாதம் இல்லேன்னா படம் வேண்டாம்" என்றார். மற்றவர் "இருந்தா வேண்டாம்" என்றார். "பேசாம டி.வி.யை எடுத்துண்டு போயிடு" என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.

மாணிக்கவேல் படியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். 'நீதான் வழி காட்டணும்பா.' அப்போதுதான் நினைவு வந்தது: அந்தக் கஞ்ச மெஷினிடம் ஒரு தாராளம் உண்டு. சொன்ன கட்டத்தை மட்டும், இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றி, அதுவாகவே மினுக்கும். பாதத்துக் கட்டத்தை மினுக்கச் சொன்னார். வெள்ளை, நீலம், வெள்ளை, நீலம். பாதம் உண்டு, இல்லை, உண்டு, இல்லை.

பெரியவர்கள் கைக்கடிகாரத்தோடு வந்தார்கள்.

"அவருக்கு எவ்வளவு நேரம்?" என்றார் தேசிகாச்சாரி.

"ரெண்டும் சமம் சாமி. மெஷினுக்கு ஓரவஞ்சன தெரியாது."

அடுத்தவருக்கு அதிகம் கிடைக்கவில்லை என்ற நிம்மதியில் இருவரும் தலையாட்டினார்கள்.

மாலை பல்லக்கு புறப்பட்டது, படமும் ஓடியது. பெரியவர்கள் முன்வரிசை. பாதம் தெரியும்போது பராங்குசம் கைகூப்பினார். மறைந்ததும் சட்டென்று பிரித்தார். அவர் பிரித்த கணத்தில் தேசிகாச்சாரி கூப்பினார். அரை நொடிக்குள் கூப்பிப் பிரிக்க வேண்டுமே, அவசரத்தில் இருவர் கையும் பட் பட்டென்று சத்தம் போட்டன. பெரியவர்களே தாளம் போடுகிறார்கள் என்று பின்னால் நின்றவர்களும் தட்டத் தொடங்கினார்கள். பாகவதர் அந்த வேகத்திலேயே கோவிந்த நாமத்தைப் பிடித்துக்கொண்டார். தெரு முழுக்கக் கைத்தட்டல்.

கடைசி வரிசையில் கலியன் எக்கிப் பார்த்தார். "இன்னாத்துக்கும்மா தட்டுறாங்க?"

"உங்க புள்ளைக்குத்தான் மாமா," என்றாள் துர்கா.

காய்ப்பேறிய உள்ளங்கைகளால் கிழவரும் தட்டினார்.