கோபம் ஆகாத உடம்பு

என் வாய்க்குப் பயந்து லாரிக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான் என்று மரக்காணம் உப்பளத்தில் ஒரு கிண்டல் உண்டு. பாதி உண்மைதான். அங்கே எங்களுக்குக் குத்தகைக்கு இருந்த பாத்திகள் கொஞ்சம். என் வீட்டுக்காரருக்கு இருந்த வாய் அதைவிடக் கொஞ்சம். வியாபாரி வந்து "உப்புல மண்ணு தெரியுதே" என்று ஆரம்பித்தால் அவர் தலையைச் சொறிவார். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் வருவது தெரிந்ததும் அதே உப்பு வியாபாரிக்கு வெள்ளையாகத் தெரியும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததில் என் கோபத்துக்கும் பங்கு உண்டு. அதைக் குறையாக அப்போது யாரும் சொன்னதில்லை.

சுனாமி வந்த மார்கழியில் பாத்திகளெல்லாம் சேறாகிவிட்டன. தையும் மாசியும் சேறு வாரியே போயின. அப்போதுதான் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. கூடை இடித்த வீக்கம் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். பங்குனி வந்தும் அது கரையவில்லை. புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். ஆரம்பத்திலேயே வந்துவிட்டீர்கள், மார்பை எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். வீட்டுக்காரர் முதல் வார்த்தையை மட்டும் கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதார். நான்தான் அவருக்குத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். சின்ன வயசு. வைத்தியம் பார்க்கிறவர் இல்லை, ஆராய்ச்சி செய்கிறவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். அந்த ஆஸ்பத்திரியில் மற்றவர்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

"நாளைக்கு எடுக்கற கட்டியில ஒரு துண்டு எங்களுக்கு வேணுங்க. ஒரே மாதிரி கட்டி ஒருத்தருக்கு மெதுவா வளருது, இன்னொருத்தருக்கு வேகமா பரவுது. ஏன்னு பார்க்கறோம். உங்க மனசு எப்படி இருக்குதுன்னும் அப்பப்ப வந்து கேப்பேன். மனக்கஷ்டத்துக்கும் கட்டி வளர்றதுக்கும் சம்பந்தம் இருக்கா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும். உங்களுக்கு இஷ்டம் இருந்தாதான்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்த வருஷம் என்னிடமிருந்து போனவை பல. என் அனுமதியைக் கேட்டு எடுக்கப்பட்டது அந்தத் துண்டு ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஆபரேஷன் முடிந்து என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். புதுச்சேரியில் "சம்பந்தம் இருக்கா இல்லையா" என்று பஸ் ஏறிய வார்த்தை, மரக்காணத்தில் இறங்கும்போது "கோபப்பட்டா கட்டி வளரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்று ஆகிவிட்டிருந்தது. வாசலில் காத்திருந்த ஜனங்களிடம் அதைத்தான் சொன்னார். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. "அதானே பாத்தேன், எந்நேரமும் கத்திக்கிட்டே இருந்தா வராம என்ன பண்ணும்?" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்.

அன்றிலிருந்து என் வீட்டில் எனக்குக் கெட்ட சேதி கிடையாது. உப்பு நல்ல விலைக்குப் போயிற்று என்றார்கள். மழை வந்து அந்த உப்பு கரைந்ததை நான் படுத்த இடத்திலிருந்தே பார்த்தேன். அழுகை வரும் என்று டிவியில் சீரியலை நிறுத்தினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்து மேளம் அடித்தபோது, கோயிலில் விசேஷம் என்றார் வீட்டுக்காரர். சாவு மேளத்துக்கும் சாமி மேளத்துக்கும் வித்தியாசம் தெரியாத காதா எனக்கு? அந்தக் காதில்தான் முழம் முழமாகப் பூச்சுற்றினார்கள். நான் வாயைத் திறந்தால் போதும், "வேணாம், உடம்புக்கு ஆகாது" என்று அவர் கையைத் தூக்கினார். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, கோபம் ஆகாது. இருபது வருஷம் என் வாய்க்குப் பயந்தவருக்கு இப்போது ஒரு வார்த்தையில் என் வாயை அடைக்கத் தெரிந்துவிட்டது. அதில் அவருக்கு ஒரு சுகமும் இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

என் நாத்தனார், அவருடைய அக்கா, குயிலாப்பாளையத்தில் இருந்தாள். அவளுடைய மகன் அங்கே ஆரோவில்லுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குப் பைக் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தான். வாரம் தவறாமல் ஆப்பிளோடு வந்துகொண்டிருந்தவள், ஒருநாள் ஆப்பிளோடு பேச்சையும் எடுத்தாள். "இவ கண்ணு மூடறதுக்குள்ள பொண்ணுக்கு ஒரு நல்லது பாத்துடணும்டா. எம்பையன் இருக்கான்ல." நான் இரண்டடி தள்ளிப் படுத்திருந்தேன். நான் சாகப்போவது என்னைத் தவிர எல்லோருக்கும் உறுதியாகியிருந்தது. புற்றுநோய் என்றால் சாவு. நடுவில் நடக்கிற வைத்தியமெல்லாம் அவர்களுக்கு ஊர் வாய்க்காகச் செய்கிற செலவு.

எனக்கு ஒரே மகள். பன்னிரண்டாவது முடித்து, திண்டிவனத்தில் காலேஜில் இடம் கிடைத்திருந்தது. முறை மாப்பிள்ளையும் வேண்டாம், கல்யாணமும் இப்போது வேண்டாம் என்று முன்பே அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பையனை எனக்கும் தெரியும். ஒருமுறை நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சோறு ஆறிவிட்டது என்று பெற்ற தாயை எங்கள் முன்னாலேயே அறைந்தான். நாத்தனார் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கோபம் இருக்கற எடத்துலதான் குணம் இருக்கும்" என்றாள். பார்த்துக்கொள்ளுங்கள், அவனுக்கு வந்தால் கோபம் குணம். எனக்கு வந்தால் அது புற்று.

நான் எழுந்து உட்கார்ந்து, முடியாது என்றேன். வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். "ஆகாது, ஆகாது. படு."

அடுத்த முறை மருந்து ஏற்றிக்கொள்ளப் போனபோது டாக்டரம்மாவுக்காகக் காத்திருந்தேன். அவர் வந்து, "மனசு எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று வீட்டுக்காரர் பதில் சொன்னார். "ஒண்ணும் தெரியாம பாத்துக்கறோம்."

டாக்டரம்மா அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கேட்டேன். "கோபப்பட்டா கட்டி வளருமாங்க?"

"நான் அப்படி சொல்லவே இல்லையேம்மா."

"அப்ப வளராதுன்னு இவருகிட்ட சொல்லுங்க."

"வளரும்னு யாரும் நிரூபிக்கலங்க. உங்க கோபத்தால இது வரல, அத நீங்க நம்பலாம். ஆனா மனசுக்கும் கட்டிக்கும் சம்பந்தமே இல்லன்னும் இன்னிக்கு என்னால சொல்ல முடியாது. அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கோம். முடிவு தெரியல." பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "அவங்க கோபப்பட்டா படட்டுங்க. அழட்டும். அடக்கி வெச்சா அவங்களுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலத் தலையாட்டினார். எனக்கு அது போதவில்லை. "பொய்யாச்சும் சொல்லுங்கம்மா" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தேன். "வளராது, ஒரே வார்த்தை. என் பொண்ணு வாழ்க்கைம்மா." அவர் கண் கலங்கியது. ஆனாலும் சொல்லவில்லை. தெரியாததை எப்படித் தெரியும் என்று சொல்வது என்றார்.

நல்ல பெண். நேர்மையான பெண். அவரை நான் அன்றைக்கு வெறுத்த மாதிரி என் நாத்தனாரைக்கூட வெறுத்ததில்லை.

பஸ்ஸில் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே சொன்னார். "தெரியலன்னுதானே சொன்னாங்க. இல்லன்னு சொன்னாங்களா?" அவருக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அந்தச் சாமர்த்தியத்தில் கால்பங்கை வியாபாரியிடம் காட்டியிருந்தால் நாங்கள் மாடி வீடு கட்டியிருப்போம்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நாத்தனாரும் நாலு பேரும் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பூ வைத்து உறுதி செய்ய வந்திருந்தார்கள். நான் வெடித்தேன். தட்டைத் தூக்கித் தெருவில் வீசினேன். மருந்தால் மொட்டையான தலையில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து விழுந்தது, எடுத்துக் கட்டவில்லை. உப்பளத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. நாத்தனார் எழுந்து ஓரமாக நின்றாள். வீட்டுக்காரர் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு நான் ஜெயித்திருப்பேன்.

உள்ளேயிருந்து மகள் ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "கத்தாதம்மா. கத்தாத. உனக்கு வந்துடும்மா. நான் கட்டிக்கறேன், எனக்கு இஷ்டம்தான். சத்தியமா இஷ்டம்தாம்மா." அழுதால் எனக்கு ஆகாது என்று அழாமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், உதட்டில் பல் பதிந்து ரத்தம். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவள் நம்பவில்லை, காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அந்த ரத்தத்தைப் பார்த்து என் வாய் தானாக மூடிக்கொண்டது. யாராலும் அடக்க முடியாத வாயை அவள் அடக்கினாள், அதுவும் என் மேல் இருந்த ஆசையால். நாத்தனார் தெருவில் கிடந்த வெற்றிலையைப் பொறுக்கித் தண்ணீரில் அலசி மறுபடியும் தட்டில் வைத்தாள்.

ஆவணியில் பெருமுக்கல் மலைக்கோயிலில் கல்யாணம். நான் பிழைக்க வேண்டும் என்று நாத்தனார் வேண்டிக்கொண்டாளாம், அதனால் மலைமேல் தாலி கட்டுவதாம். வேன் அடிவாரத்தில் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். என்னை மட்டும் இறங்க வேண்டாம் என்றார்கள். "ஏறினா மூச்சு வாங்கும். நீ இங்கயே நிம்மதியா இரு, நாங்க முடிச்சிட்டு வந்துடறோம்." மகள் கூரைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் என் கண்ணுக்கு மறைந்ததும் நானும் இறங்கி ஏற ஆரம்பித்தேன். மருந்து ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கிக் கனத்தது. பாதிகூட ஏறவில்லை, கண் இருட்டிப் பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது மேலே கெட்டிமேளம் கொட்டியது. நான் கண்ணை மூடுவதற்குள் பார்க்க வேண்டும் என்றுதான் அவ்வளவு அவசரமும். கண் திறந்தே இருந்தது, நான் பார்க்கவில்லை. அந்தப் பாறையில் உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதேன். அங்கே எனக்கு ஆகாது என்று சொல்ல யாரும் இல்லை.

நான் சாகவில்லை. மருந்து முடிந்தது, பிறகு கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள், அதுவும் முடிந்தது. 2006 மாசியில் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டு, கட்டி இருந்த சுவடே இல்லை என்றார் பெரிய டாக்டர். ஊரே சொன்னது, பொண்ணுக்குக் கல்யாணம் முடிந்த நிம்மதியில்தான் நோய் ஓடிவிட்டது என்று. நாத்தனார் அதைக் குயிலாப்பாளையம் முழுக்கச் சொல்லி வைத்தாள். டாக்டரம்மா மட்டும் மனசு எப்படி இருக்கிறது என்று அப்போதும் கேட்டார்.

உப்பு வாருகிற பருவத்தில் ஒரு மத்தியானம் மகள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். முந்தானையை வலது காது மறைகிற மாதிரி போட்டிருந்தாள். வெயிலுக்கு என்றாள். சாப்பிட உட்காரும்போது துணி நழுவியது. தோடு இல்லை. காது மடல் இரண்டாகக் கிழிந்து, மஞ்சள் அப்பியிருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னமும் வீங்கியிருந்தது.

"தோடு துண்டுல மாட்டி இழுத்துடுச்சும்மா" என்று சிரித்தாள்.

என் உடம்பெல்லாம் எரிந்தது. "அவன் கைய ஒடிக்கறேன்" என்று எழுந்தேன். நான் வாசலுக்குப் போவதற்குள் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நீ கோபப்படறதா இருந்தா நான் கௌம்பறேன். இனிமே வரமாட்டேன். உனக்குத் திரும்ப வந்துச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா."

"அதால வராதுடி. டாக்டரே சொன்னாங்கடி."

"தெரியலன்னுதானேம்மா சொன்னாங்க."

அப்பன் சொன்ன அதே வார்த்தை. ஆனால் அவர் ஜெயிப்பதற்காகச் சொன்னார். இவள் என்னைக் காப்பாற்றச் சொல்கிறாள். வேறு போக்கிடம் இல்லாமல்தான் என் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. நான் கத்தினால் அந்த இடமும் அவளுக்கு இல்லை.

"இல்லடி, கோபமில்ல. உக்காரு" என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். சோறு போட்டுக் குழம்பு ஊற்றினேன். வீங்காத பக்கமாகவே வைத்து மெதுவாக மென்றாள்.

"காரம் அதிகமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா, நல்லா இருக்குது" என்றாள்.