அம்மாவிடம் மிஞ்சிய ஒரு சொல்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் என்னைத் தன் சபைக்கு அழைத்துப் போனாள். சபை என்றதும் கோபுரத்தையும் மணியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். கச்சிபௌலியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடி. வாசலில் காகிதக் கோப்பையில் காப்பி, உள்ளே கல்யாண ரிசப்ஷன் மேடை மாதிரி புகை. முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ் போட்ட ஒரு பையன் மேடையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி, துன்பம் என்பது கடவுள் நம்மைச் சேர்த்துவிட்டிருக்கும் ஜிம் என்று ஆங்கிலத்தில் முழங்கினான். கூட்டம் கைதட்டியது. அவன் முகத்தில் ஒரு பருத்தழும்பைத் தவிர வேறு துன்பத்தின் அடையாளம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

"மெசேஜ் சூப்பர் கதா மம்மி?" என்றாள் மகள். தமிழ் புரியும், வாயில் வருவதென்னவோ பாதி தெலுங்கு; கதா என்றால் 'இல்லையா'.

"காப்பி நல்லா இருந்துச்சு" என்றேன்.

பக்கத்து நாற்காலி அம்மாள் ஜலதோஷத்துக்காகக் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்திருந்தார். அத்தனை புகையையும் சென்ட்டையும் தாண்டி அந்த வாசனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் முதுகு வாசனை அது.

எனக்குக் கல்யாணமாகாத காலம் அது. லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்ததால் எனக்கு அங்கேயே ஒரு குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். ஒரு காலை அம்மா இட்லித் தட்டோடு சமையலறையில் விழுந்தாள். வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு மொத்தமும் போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. நக்கோ.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இத்தனை வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட உருது, காய்கறி வண்டிக்காரர்களை விரட்டுவதற்கான உருதுதான். சொத்தைக் கத்தரிக்காயைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்ல வாங்கிய சொல், என் பெயரும் இயேசுவின் பெயரும் போன பிறகும் அவள் நாக்கில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் நக்கோ, வலித்தாலும் நக்கோ. குரலை வைத்து நான்தான் அர்த்தம் பிரிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தமிழ்ச் சபையிலிருந்து ஜெபக்குழு வரும். தலைவர் தவமணி அண்ணாச்சி. அப்பாவோடு வேலை பார்த்தவர், ஆகிருதியான ஆள், குரல் எஞ்சின் ஊதுகிற மாதிரி. ஆளுக்கொரு சுருதியில் பாடுவார்கள். பிறகு டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டே அண்ணாச்சி எனக்கு விளக்கம் சொல்வார்.

"ஆண்டவருக்குப் பிரியமானவங்களுக்குத்தான் பாரத்தக் குடுப்பாரு பாப்பா. கஷ்டம்னு நெனைக்காத. படிக்கட்டுன்னு நெனைச்சுக்கோ. ஏறிக்கிட்டே இருக்கணும்."

ஏறுவது நான், இவர் படியேறி வருவது பிஸ்கட்டுக்கு என்று மனதுக்குள் கறுவுவேன். படுக்கைப்புண் வராமலிருக்க அம்மாவை அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கனத்த உடம்பு. ஒருத்தியாகப் புரட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. படிக்கட்டு பற்றி அவ்வளவு தெரிந்த அந்தக் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து வந்து ஒரு கை கொடுத்ததில்லை. அம்மாவின் மனதில் மறைந்த பாவம் ஏதாவது இருக்குமோ என்று மட்டும் ஒரு அம்மாள் கரிசனமாகக் கேட்டார்.

அம்மாதான் அவர்களைச் சமாளித்தாள். "ஆண்டவரே, இந்தச் சகோதரி தன் சிலுவையைச் சந்தோஷமா ஏத்துக்கிடணும்" என்று அண்ணாச்சி உருகியபோது கட்டிலிலிருந்து வந்தது: "நக்கோ." பழக்க தோஷத்தில் யாரோ ஆமென் என்றுவிட்டார். நான் சமையலறைக்கு ஓடிப் போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து ஜெபம் செய்வதை விட்டேன். இப்படி ஆட்களை ஏஜெண்டாக வைத்திருக்கிற கடவுளிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அண்ணாச்சியின் ஒரே மகன் தார்நாகா பக்கம் பைக் சறுக்கி இறந்துபோனான். கல்லூரி இன்னும் முடிக்கவில்லை. அடக்கம் முடிந்து அவர் வீட்டில் கூடியிருந்தபோது, எங்கள் வீட்டுக்கு வந்த அதே குழு அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. மறைந்த பாவத்தைக் கேட்ட அதே அம்மாள் அவர் கையைத் தட்டிக்கொடுத்து, "நீங்கதானே சொல்லுவிய அண்ணாச்சி, படிக்கட்டுன்னு" என்றார். அண்ணாச்சி வெறுமனே அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் பேசியது என்ன பாஷை என்றே புரியாதவர் போலப் பார்த்தார்.

ஜெபக்குழு அண்ணாச்சி இல்லாமலே எங்கள் வீட்டுக்கு வந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போனது. சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்த அழுக்குச் சட்டையோடு அவர் தனியாக வந்தார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணை மூடி "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார். மேலே ஒன்றும் வரவில்லை.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, வண்டிக்காரனிடம் சொல்கிற குரலில் அல்ல, வேறொரு குரலில், "நக்கோ" என்றாள்.

"ஆமாக்கா" என்றார் அண்ணாச்சி. "நக்கோ. எனக்கு இது வேண்டாம்க்கா. வேண்டவே வேண்டாம்." அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அம்மா இடது கையால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, அவர் ஓயும்வரை அந்த ஒரு சொல்லையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் கேட்டதிலேயே உண்மையான ஜெபம் அதுதான். வேண்டாம் என்று ஆண்டவர் முகத்துக்கு நேரே சொல்லலாம், சொல்லிவிட்டு அவரிடமே இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் கேட்டார்: "பாப்பா, அக்காவப் புரட்டிப் படுக்க வைக்கணுமா?"

அதன் பிறகு பெரும்பாலான சாயங்காலங்களில் வந்தார். ஒருபுறம் நான், மறுபுறம் அவர், புரட்டுவோம். நான் தைலம் தேய்ப்பேன், அவர் வாசலில் போய் நிற்பார். விளக்கம் எதுவும் சொன்னதில்லை. சபையில் அறுப்பின் பண்டிகை வந்தபோது, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல அவரைக் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் வந்து, "எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா அவரு கூடத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அண்ணாச்சி விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார் என்று குழு வருத்தத்தோடு பேசிக்கொண்டது. ஒரு மனிதன் கண்ணெதிரே வளர்ந்து நிற்பதைப் பார்த்துக் குட்டையாகிவிட்டான் என்று சொல்ல எப்படிப்பட்ட கண் வேண்டும்!

மறு வருஷம் அம்மா போனாள். அண்ணாச்சி ரிட்டையராகி ஊருக்குப் போய் அங்கேயே இறந்ததாகக் கேள்விப்பட்டேன். நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். ஜெபக்குழுவும் வீடுகளுக்கு வருவதில்லை, போனிலேயே நடத்துகிறார்கள். டீ மிச்சம். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது என் போன் நிறையக் கூப்பிய கைகள் வந்து விழுந்தன. எல்லாவற்றுக்கும் கீழே ஆளாளுக்கு ஒரு விளக்கம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சொல்ல ஒன்றுமில்லாமல் உள்ளே வந்து உட்கார்கிற மனிதர் ஒருவர்கூட இந்த ஊரில் இப்போது எனக்கு இல்லை.