பேச்சியம்மாள் பேசப் போன கதை

சென்னையில் ஏறி, நடுவில் ஒரு பாலைவன நகரத்தில் விமானம் மாறி, டொராண்டோவில் இறங்கியபோது மாலை நாலு மணி. "ஏப்ரல் பிறந்தாச்சுல்லா, குளிரெல்லாம் போயிருக்கும்" என்று சொல்லி அனுப்பிய புண்ணியவான்களை, கண்ணாடிக் கதவு திறந்து காற்று மூக்கில் அறைந்ததும் நினைத்துக்கொண்டேன். வெளியே ஒரு காபி இரண்டே முக்கால் டாலர். நம்மூர்க் காசில் நூற்று எழுபதைத் தொடும். அதைக் குடித்தேன் என்பதைவிட, கை சூடாக இருக்கட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதே சரி.

நான் வந்தது ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டில் ஒருத்தியாக இருந்து, அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள. வெள்ளைக்காரர்கள் இதை 'ஓ பேர்' என்கிறார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில், "ஆயா வேலையா?" என்று கேட்டார்கள். நர்சரிப் பள்ளி டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஆயா வேலைக்குக் கனடாவா என்று பேசாத வாய் இல்லை. அப்பா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். காரணம், அந்த வீட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றுதான்: நாலு வயதுப் பிள்ளையோடு நாள் முழுக்கத் தமிழில் பேச ஓர் ஆள் வேண்டும். "ஏட்டி, நீ வாய் மூடாம இருக்கதுக்குச் சம்பளம் வேறயா!" என்றார்.

அழைத்துப் போக வந்தவர் ரமணன் அண்ணா, பிள்ளையின் அப்பா. யாழ்ப்பாணத்துக்காரர். மார்க்கம் என்கிற பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலை.

"நீங்கள்தானே பேச்சியம்மாள்? வாங்கோ, வாங்கோ. கனநேரம் நிண்டனீங்களோ?"

"இல்லண்ணா, இப்பதான். பேச்சின்னே கூப்பிடுங்க."

"பேச்சியோ? ஐயோ, இனி வீட்டில எல்லாருக்கும் பேச்சுத்தான்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். நம் வாய் இவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிட்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

விமான நிலையத்திலிருந்து அவர்கள் வீடு இருக்கிற மோர்னிங்சைட் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நானூற்றி ஒன்று என்று நம்பரால் அழைக்கப்படுகிற நெடுஞ்சாலையில் ஒரு பக்கத்துக்கு எத்தனை தடம் என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அத்தனை தடத்திலும் வண்டி நின்றுகொண்டிருந்தது. இதில் மட்டும் திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

வீட்டில் சுபா அக்கா, பிள்ளையின் அம்மா, சோறும் மீன் குழம்பும் வைத்துக் காத்திருந்தார். பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்க்கிறார். நறுக்கென்று பேசுகிறவர். சாப்பிட்டு முடித்ததும் எதிரே உட்கார்ந்தார்.

"இஞ்ச பாரும் பேச்சி. நான் ஒளிச்சு மறைச்சுக் கதைக்க மாட்டன். முதல் ஒரு மாசம் பாப்பம். பிள்ளை உம்மோட ஒட்டி, தமிழ் வாயில வந்தால் வருசம் முழுக்க இரும். இல்லாட்டி நானே டிக்கெட் போட்டுத் தாறன். சரியோ?"

ராஜா காலத்துப் படங்களுக்கு வெளியே 'இரும்' என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான் முதல்முறை. ஆனால் மனதில் தைத்தது அந்த ஒரு மாசம். தெருவே கூடி வழியனுப்பி வைத்திருக்கிறது. ஒரே மாதத்தில் பெட்டியோடு போய் இறங்கினால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பால் வாங்கப் போவது?

பிள்ளையின் பெயர் மிதுனா. கதவுக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் பேரு என்ன?" என்றேன். "ஐ டோன்ட் ஸ்பீக் டமில்" என்றாள். தமிழில் கேட்டதைப் புரிந்துகொண்டுதானே இந்தப் பதில்! பிழைத்துக்கொள்ளலாம் என்று தைரியம் வந்தது.

மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். பல் தேய்க்கும்போது பேச்சு, இட்லி பிய்க்கும்போது பேச்சு, ஜாக்கெட் மாட்டும்போது பேச்சு. இந்த ஊரில் பிள்ளைக்கு ஜாக்கெட், தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாம் மாட்டி முடிப்பதற்குள் ஒரு முழு ராமாயணம் சொல்லிவிடலாம்.

இரண்டாம் வாரம் பேருந்தில் துணிந்து ஏறினோம். கார்டைத் தட்டினால் மூன்று டாலர் முப்பது சதம். மிதுனாவுக்கும் தட்டப் போனேன். ஓட்டுநர் கையைக் காட்டி நிறுத்தினார். முகத்தைப் பார்த்தாலே நம்மாள் என்று தெரிந்தது.

"தங்கச்சி, சின்னப் பிள்ளையளுக்குக் காசில்லை. இந்தியாவோ?"

"ஆமாண்ணே, திருநெல்வேலி."

"அல்வா கொண்டு வந்தனீங்களோ?"

பூமியின் அந்தக் கோடியிலும் இந்தக் கேள்வியிலிருந்து எங்களுக்குத் தப்பிக்க வழியில்லை. எல்ஸ்மியர் சாலை நெடுக மிதுனாவுக்கு ஜன்னல் வழியே தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன். சிகப்பு விளக்கு, பச்சை விளக்கு, கம்பத்தில் அணில். நம்மூர் அணிலின் முதுகுக்கோடு இல்லாத கறுப்பு அணில். "இது அடுப்படியில விழுந்து எந்திரிச்ச அணில்" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆனால் வாயைத் திறந்தால் ஆங்கிலம்தான்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மதியம் அவள் தூங்கவில்லை. சாயங்காலம் ஒரே சிணுங்கல், கண்ணெல்லாம் சிவப்பு. சுபா அக்கா வேலை விட்டு வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டு, "அக்கா பேசினா மீ, ஆல் டே!" என்றாள். ஆங்கிலத்துக்கு நடுவே தமிழில் 'பேசினா'! எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. சுபா அக்காவின் முகம்தான் ஒரு மாதிரி ஆனது.

"நீர் பிள்ளைக்குப் பேசினனீரோ?"

"ஆமாக்கா. காலையில இருந்தே."

"காலமையில இருந்தோ?"

"சாப்பிடும்போது பேசுவேன், குளிக்கும்போது பேசுவேன், சும்மாவே விடமாட்டேன். விடாமப் பேசுனாத்தானே பிள்ளைக்குப் பழகும்?"

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அவரே மிதுனாவைப் பார்த்துக்கொண்டார். நான் ஏதாவது செய்யட்டுமா என்றால், "வேண்டாம், நீர் இரும்." கடைசியில் கீழே வந்து, "ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக் கதைப்பம்" என்றார். ஆறுதல் சொல்லுகிற அளவுக்கு என்ன ஆகிவிட்டது? எனக்கு டிக்கெட் போட்டாயிற்று என்றே முடிவு கட்டினேன். தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். அழுதது ஊர் சிரிக்கும் என்பதற்காக மட்டுமில்லை, அந்தப் பிள்ளையை விட்டுப் போக மனசு இல்லை. இவர்கள் 'ஆறுதலா' என்றால் 'நிதானமா' என்று பொருள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு நாலு பேரும் காரில் ஸ்கார்பரோ பிளஃப்ஸுக்குப் போனோம். வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர் இருக்கும். மேலே புல்வெளி, பிறகு ஒரு கம்பி வேலி, அதற்கு அப்பால் செங்குத்தாக இறங்குகிற வெள்ளை மண் பாறை, அடியில் ஒண்டாரியோ ஏரி. ஏரி என்கிறார்கள், அக்கரை தெரியவில்லை. தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவளுக்கு அதைக் கடல் என்று சொன்னால்தான் மனசு ஆறும். வேறு நாளென்றால் வாய் பிளந்து பார்த்திருப்பேன். அன்று என் கண் சுபா அக்காவின் முகத்தில்தான் இருந்தது.

அக்கா, "பேச்சி, நான் சொல்லுறன் எண்டு குறை நினையாதையும்..." என்று தொடங்கினார். அந்த நேரம் பார்த்து மிதுனா ஒரு வாத்தைத் துரத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினாள்.

"ஏட்டி கழுத! அங்க எங்க போற? காலை ஒடிச்சிருவேன் பாத்துக்கோ! வா இங்க!"

தொண்டை கிழியக் கத்திக்கொண்டே ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்து வந்தேன். சுபா அக்கா என் முன்னால் வந்து நின்றார்.

"உப்பிடித்தானே வீட்டிலயும் பிள்ளைக்குப் பேசினனீர்?"

"ஐயையோ! அக்கா, இது பேசுனது இல்ல. இது திட்டுனது!"

"திட்டினது எண்டாலும் பேசினது எண்டாலும் ஒண்டுதானே!"

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. என் கையிலிருந்த மிதுனா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி விரலை நீட்டினாள்.

"நோ, அம்மா. பேச்சி அக்கா பேசினா எண்டா, கதைச்சா. பேச்சி அக்கா திட்டினா எண்டாத்தான், பேசினா."



சுபா அக்கா மெதுவாக, "அப்ப... குளிக்கேக்கையும் சாப்பிடேக்கையும்?" என்றார்.

"கதைச்சேன்க்கா. கதைச்சுக்கிட்டே இருந்தேன்."

"அட கடவுளே" என்று வாயைப் பொத்திக்கொண்டார். ரமணன் அண்ணா புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். இவர்கள் ஊரில் பேச்சு என்றாலே திட்டாம், நாம் பேசுவதுதான் இவர்களுக்குக் கதைப்பதாம்! முதல் நாள் காரில் அவர் சிரித்த சிரிப்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு தாயிடம் போய், உன் பிள்ளையைக் குளிக்கும்போதுகூட விடாமல் திட்டுகிறேன் என்று பல்லைக் காட்டிக்கொண்டு சொல்லியிருக்கிறேன். இவர் என்னைப் பொறுத்துக்கொண்டதே பெரிய விஷயம்.

அண்ணாவின் சிரிப்புச் சட்டென்று நின்றது. "சுபா, பிள்ளை இப்ப என்ன பாஷையில கதைச்சவள்?"

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. ஒரு 'நோ'வைத் தவிர அத்தனையும் தமிழ். அதுவும் எங்கள் இரண்டு ஊர்த் தமிழும். சுபா அக்கா என்னையும் பிள்ளையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கு மட்டும் கண்ணீர் வராமலா இருக்கும்?

திரும்பும்போது கிங்ஸ்டன் ரோட்டில் ஊரை நினைத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடத்தில் பேசியதற்காக எத்தனை நாள் வெளியே நின்றிருக்கிறேன்! இந்தக் குளிரூரில் அதே வாய்க்கு ஒரு வீட்டில் இடம் கிடைத்திருக்கிறது. மாசம் முடிய இன்னும் நாள் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பின் சீட்டில் மிதுனா என் கையை இழுத்தாள். "பேச்சி அக்கா, எனக்குப் பேசு."

முன் சீட்டிலிருந்து சுபா அக்கா திரும்பிப் பார்த்தார். "பேசும், பேச்சி. வருசம் முழுக்க நல்லாப் பேசும்."