முன்னே விட்ட மூன்று பேர்

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், முன்பு நான் வழக்கமாகச் சாமான் வாங்கிய தமிழ்க் கடையில் காசு கட்டும் வரிசையில் நிற்கிறேன். என் கையில் ஒரு பை மிளகாய்த்தூள் மட்டும். கணவரின் வேலைக்காக இங்கிருந்து இங்கிலாந்தின் ஒரு சின்ன ஊருக்குக் குடிபோய் இரண்டு வருடமாகிறது. ஐந்து நாள் இங்கே நின்றுவிட்டு இன்று பின்னேரம் திரும்புகிறேன்.

பின்னால் வருகிறவர்களை முன்னே விட்டுக்கொண்டிருக்கிறேன். மீனைச் சின்னதாக வெட்டச் சொல்லும் அண்ணை, தொலைபேசியில் தங்கையோடு சண்டை பிடிக்கும் பெண். எல்லாருடைய தமிழையும் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்போல் இருக்கிறது.

மூன்றாவது ஆளையும் விட்டதும், காசு வாங்கும் அக்கா கவனித்துவிடுகிறார்.

"என்ன பிள்ளை, வாங்கிற எண்ணமில்லையோ?"

பின்னேரப் பயணத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்து ஊரைப் பற்றியும் சொல்கிறேன். அங்கே வியாழக்கிழமைச் சந்தை அழகுதான். எல்லாரும் அன்பாகச் சிரிப்பார்கள், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள், போய்விடுவார்கள்.

"தமிழ் ஆக்கள் ஒருத்தருமில்லையோ?"

"இல்லை அக்கா."

"அப்ப பகல் முழுக்க ஆரோட கதைக்கிறனீ?"

வாய் திறந்தால் அழுதுவிடுவேன். மிளகாய்த்தூள் பையை மேசையில் வைத்துக் காசை எடுக்கிறேன்.

அக்கா எழுந்துபோய் உள்ளேயிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து தன் பக்கத்தில் போடுகிறார்.

"பிளேனுக்கு இன்னும் நேரம் கிடக்குத்தானே. இரு, கதைப்பம்."