எலிகளுக்குக் கண் பரிசோதனை செய்த சித்தப்பா

நான் ஊர் சுற்றக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வழியனுப்ப வந்த சித்தப்பாவின் வலக்கண்ணில் தூசி விழுந்தது. அதைக் கசக்கிக்கொண்டே ரயிலைப் பார்த்தார்.

"ஏய் ஊர்சுத்தி, ரயில் கோணலா இருக்கு. ஏறாதே."

ரயில் நேராகத்தான் நின்றது. கோணல் அவருடைய இடக்கண்ணில்.

அங்கே முளைக்கக் கூடாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன என்றார் கண் டாக்டர். மாதம் ஓர் ஊசி, கண்ணுக்குள்ளேயே. தவறினால் பார்வை போய்விடும். கோடு வளைந்து தெரிகிறதா என்று தினமும் பார்க்கக் கட்டம் போட்ட அட்டை ஒன்றும் கொடுத்தார். சித்தப்பா அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

காரணம், அவர் வேலை. ஆய்வுக்கூடத்தில் எலிகளைப் பார்த்துக்கொள்பவர். கூண்டு கழுவுவார், மரத்தூள் மாற்றுவார், கடி வாங்குவார். அதே நோயைத் தடுக்கும் தடுப்பூசியை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் உப்புநீர். எந்தக் கூண்டுக்கு எது என்று முடிவு வரும்வரை அவருக்குத் தெரியக்கூடாது.

"அது பலிச்சா தோள்ல குத்திக்கலாம்டி. கண்ணை எதுக்குக் காட்டணும்?" என்றார் சித்தியிடம்.

காத்திருக்கப் பொறுமையில்லை. அட்டையைப் பன்னிரண்டு நகல் எடுத்து, கூண்டுக்கு ஒன்றாக ஒட்டினார். ஆய்வை நடத்தும் டாக்டரம்மா உள்ளே வந்தபோது எல்லாம் கடிபட்டுக் கிடந்தன.

"என்னண்ணே இது?"

"கண் பரிசோதனை மேடம். நாலாம் கூண்டு கோட்டோரமாவே கடிச்சிருக்கு. மருந்து வேலை செய்யுது!"

"ஒம்பதாவது?"

"அட்டையையே முழுங்கிடுச்சு. அதுக்குப் பார்வை சந்தேகம்தான்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். பிறகு சட்டென்று கேட்டார்: "இந்த அட்டை உங்ககிட்ட ஏது?"

சித்தப்பா மாட்டிக்கொண்டார். எல்லாம் வெளியே வந்தது.

"அண்ணே, எலிக்கே இன்னும் உறுதியில்ல. மனுஷனுக்கு வர வருஷக்கணக்காகும். அதுவும் இது வராம தடுக்கத்தான். உங்களுக்கு வந்தாச்சு! இன்னும் நாள் கடத்தினா, எலி எது பெருச்சாளி எதுன்னு தெரியாமப் போயிடும். கிளம்புங்க."

அவரே காரில் ஏற்றிக்கொண்டு போனார். சித்தியும் போனார், ஆறுதலுக்கு அல்ல, காவலுக்கு.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். இருப்புக்கொள்ளாமல் மறுபடி பை கட்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்தது:

"முடிவு வந்துடுச்சு. மருந்து போட்ட எலிகளுக்குக் கெட்ட குழாய் குறைச்சலாம். நாலாம் கூண்டு உப்புத்தண்ணியாம், ஏமாத்திட்டான். எனக்குப் போன வாரம் இருபதாவது ஊசி. நான் கத்தல, உங்க சித்திதான் கத்தினா. இதை வலக்கண்ணை மூடிக்கிட்டுதான் டைப் பண்றேன். தப்பு இருந்தா சொல்லு."

ஒரு தப்பும் இல்லை.