ஷாகிதா பார்த்த ஓர் எழுத்து

போன செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி, தாம்பரம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஷாகிதாவின் கணவர் ரஃபீக் அண்ணாவிடமிருந்து செய்தி வந்தது. "ஷாகிதா மௌத்தாயிட்டா. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்க வரணும் சிஸ்டர்." அதை நான்கு முறை வாசித்தேன். ஏதோ ஒரு சொல்லைத் தவறாகப் படித்துவிட்டேன் என்றே நினைத்தேன். அப்படி எதுவும் இல்லை.

ஷாகிதாவும் நானும் எட்டு வருடம் ஒரே வார்டில் செவிலியர்கள். பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் வார்டு. எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் அவளுடைய சிரிப்பும் பிடிவாதமும் தெரியும். வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தது சிலருக்குத்தான் தெரியும். மதியம் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் உட்கார்ந்து படிப்போம்.

குழப்பும் சொற்களை நான் ஜோடி ஜோடியாக எழுதி வைத்து மனப்பாடம் செய்வேன். ஓரல் என்றால் வாய்வழி, ஆரல் என்றால் காது சம்பந்தப்பட்டது என்று. அவள் என் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஜோடியா படிச்சா பரீட்சைல ஜோடியாத்தான் வந்து நிக்கும் கலை. எது எதுன்னு அப்பவும் தெரியாது." அவள் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வாள். வார்டில் அந்தச் சொல்லுக்கு உரிய ஒரு நோயாளியைக் கண்டுபிடிப்பாள். அவர் முகத்தோடு சேர்ந்து அது மனதில் பதிந்த பிறகுதான் அதன் இரட்டையைத் தொடுவாள். இவ்வளவு மெதுவாகப் படித்தால் எப்போது தேர்வு எழுதுவது என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

ஒருநாள் மதியம், பக்கவாதத்திலிருந்து தேறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைப் பள்ளிக்கரணையில் இருந்த மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினோம். கூடப் போகும் கடிதத்தை நான்தான் அவசரமாக டைப் செய்தேன். அவருக்கு விழுங்குவதில் சிரமம். மருத்துவ மொழியில் டிஸ்ஃபேஜியா. பேசுவதில் வரும் சிரமத்துக்கு டிஸ்ஃபேசியா என்று பெயர். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். இரண்டும் என் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

ஆம்புலன்ஸ் போய் முக்கால் மணி நேரம் கழித்து, அந்த வாரம் பிற்பகல் ஷிப்டில் இருந்த ஷாகிதா வேலைக்கு வந்தாள். வழக்கம்போல் கோப்புகளைப் புரட்டியவள் என் கடிதத்தின் நகலில் நின்றாள்.

"இவருக்குப் பேச்சுல என்ன கோளாறு? நேத்து காபி குடுக்கலைன்னு எங்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாரே."

டிஸ்ஃபேஜியாவுக்குப் பதில் டிஸ்ஃபேசியா என்று அடித்திருந்தேன். விழுங்க முடியாதவர் என்று கடிதத்தில் இல்லையென்றால் அங்கே அவருக்கு வாய்வழியாக உணவு கொடுத்துவிடுவார்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஷாகிதா அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டாள். மையத்தின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவரை அழைத்தாள். பெரியவரை இறக்கிவிட்டுத் திரும்பி, மேடவாக்கம் வந்துவிட்டதாக அவர் சொன்னார். மறுபடியும் மையத்துக்கு அடித்தாள். மூன்றாம் முறை எடுத்த பெண், எல்லோரும் சாப்பாட்டில் இருக்கிறார்கள் என்றாள்.

"போனை வைக்காதீங்க. அப்படியே அவர் கட்டிலுக்கு ஓடுங்க. வாயில எதுவும் குடுக்கக் கூடாதுன்னு சத்தமா சொல்லுங்க."

அந்தப் பெண் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல். அதன் பின்னால் இருமல், நிற்காத இருமல். கூடப் போயிருந்த மகன் இரண்டு கரண்டி கஞ்சி கொடுத்திருந்தார். மூன்றாவது கையில் இருந்தது. உடனே சளி உறிஞ்சும் கருவியை வைத்து, ஆக்சிஜன் கொடுத்தார்கள். இருபது நிமிடம் கழித்து, மூச்சு சீராகிவிட்டது என்று சொன்னார்கள். அதுவரை ஷாகிதா உட்காரவே இல்லை.

அடுத்து நான் செய்த காரியத்தை இங்கே மறைக்க விரும்பவில்லை. கணினியைத் திறந்து அந்த ஓர் எழுத்தை மாற்றப் போனேன். ஷாகிதா கீபோர்டின் மேல் கையை வைத்தாள்.

"பழசை அழிக்காதே. நடந்ததைப் புதுசா எழுது, நேரம் போட்டு எழுது."

"என் வேலை போயிடும். எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்கூடத் தர மாட்டாங்க."

"எங்கிட்ட கேட்டா நான் பார்த்ததைத்தான் சொல்லுவேன், கலை."

எழுதிக் கொடுத்தேன். மெமோ வந்தது, வேலை போகவில்லை. ஆனாலும் பதினொரு நாள் அவளோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, எதுவுமே நடக்காததுபோல் அடுத்த சொல் என்ன என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் டீயை என் பக்கம் நகர்த்தினாள்.

மூன்றாவது முயற்சியில் அவள் தேர்வில் தேறினாள். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் நுரையீரலில் ஒரு நிழல் தெரிந்தது. அடுத்தடுத்துப் பரிசோதனைகள். கடைசி அறிக்கை வந்த வாரம் செம்பாக்கத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். படப்பையில் ஏசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ரஃபீக் அண்ணா அன்று கடைக்குப் போகவில்லை. முகம் தெளிவாக இருந்தது. அறிக்கையில் உள்ள சொல்லைப் போனில் தேடிப் பார்த்தாராம். மெட்டாபிளேசியா என்றால் செல்களில் வரும் மாற்றம்தான், பல பேருக்குச் சரியாகிவிடும் என்று போட்டிருந்ததாம். எனக்கும் வாசித்துக் காட்டினார்.

அறிக்கை மேசையில் இருந்தது. அதில் எழுதியிருந்தது மெட்டாஸ்டேசிஸ். ஷாகிதா என்னைப் பார்த்தாள்.

"நீ சொல்லிடு. என்னால முடியலை."

எட்டு வருடத்தில் அவள் முடியவில்லை என்று சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. இரண்டு சொற்களையும் ஒரு தாளில் எழுதி, எழுத்து எழுத்தாகக் காட்டினேன். "இது வேற சொல், அண்ணா. நோய் வேற இடத்துக்கும் பரவியிருக்குன்னு அர்த்தம்." அவர் தாளையும் அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆரம்பம் ஒரே மாதிரிதானே இருக்கு" என்றார். பிறகு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவரை அப்படியே நம்பவிட்டிருக்கலாமே என்று ஷாகிதாவிடம் மெல்லக் கேட்டேன். மூன்று நாள் விட்டுப் பார்த்தாளாம். "மூணு நாளும் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தனியா இருந்தோம். தப்பான சொல்லோட அவரை விட்டுட்டுப் போக முடியாது" என்றாள்.

அதன் பிறகு பதினான்கு மாதம் இருந்தாள். கடைசிவரை ரஃபீக் அண்ணாதான் எல்லா மருந்தும் கொடுத்தார்.

நான் அந்தத் தேர்வை இன்னும் எழுதவில்லை. எழுதுவேனா என்றும் தெரியாது. ஷாகிதாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு தாமதம். எந்தக் கடிதமானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுந்து போய், நோயாளியின் கட்டிலருகே நின்று, அவர் முகத்தைப் பார்த்து ஒருமுறை வாய்விட்டுப் படிக்கிறேன். நேரமாகிறது என்று உறவினர்கள் கதவருகே வந்து சொல்கிறார்கள். ஆகட்டும்.