செவலையின் வாய்க்கு அடித்த இரும்பு

என் வீட்டுச் சுவரில் ஓர் ஆணி. அதில் ஒரு கடிவாளம் தொங்குகிறது. தோல் வார் எப்போதோ மக்கிப்போய்விட்டது. மிச்சம் இருப்பது குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பும் இரண்டு பக்கத்து வளையமும்தான். இரும்பு சுண்டுவிரல் கனம் இருக்கும். நடுவில் லேசான வளைவு. மார்கழி மாதம் காலையில் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொள்வேன். பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருக்கும். சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் நர்சம்மாவை நினைத்துக்கொள்வேன்.

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். கொல்லிமலைக்கு ரோடு வருவதற்கு முன்னால் அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் ஒரு மளிகை முதலாளியிடம் குதிரை ஓட்டினேன். ஏறி உட்கார்ந்து ஓட்டுவது இல்லை. அதன் முதுகில் பாரம் ஏற்றி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பது. உப்பும் மண்ணெண்ணெயும் துணியும் மேலே போகும். மிளகும் சாமையும் கீழே வரும். நர்சம்மா, மலை மேல் ஆலத்தூர் நாட்டில் பிரசவம் பார்க்க அரசாங்கம் போட்டிருந்த அம்மா. வயசு நாற்பது இருக்கும். நல்ல கனத்த உடம்பு. மருந்து வாங்க அவ்வப்போது இறங்கி வருவார். மருந்துப் பெட்டி எங்கள் குதிரையில் மேலே போகும். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவார். ஏறிக்கொள்ளுங்கள் என்றால், "நான் ஏறுனா குதிரைக்கு வேற ஒரு நர்சு தேடோணும் தம்பி" என்பார்.

குதிரைக்காரர்களான எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. நல்ல குதிரை செத்துப்போனால் அதன் கடிவாளத்தை வெளியில் கொடுக்க மாட்டோம். அதன் குட்டிக்கு எடுத்து வைப்போம். தாயின் இரும்பு வாய்க்குள் போனால் தாயின் குணமும் கூடவே போகும் என்று நம்பினோம். எங்கள் சிவப்புக் குட்டி செவலையின் தாய் பதினாலு வருசம் மலை ஏறியது. ஒரு நாளும் கால் இடறவில்லை. வயிற்று நோவு வந்து என் கண் முன்னாலேயே கிடந்து செத்தது. அப்போது செவலைக்கு ஒரு வயசு. என் கையில் தவிடு தின்று வளர்ந்தது. தாயின் கடிவாளத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொட்டகை விட்டத்தில் கட்டிவைத்தேன். மூன்று வருசம் கழித்து, ஒரு தீபாவளி முடிந்ததும், சூடம் காட்டி அதைச் செவலையின் வாயில் மாட்டினேன்.

செவலை தலையை ஆட்டியது. நாக்கை ஒரு பக்கமாக வெளியே தள்ளியது. வாயைத் திறந்து திறந்து மூடியது. பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆகியும் பழகவில்லை. கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே கழுத்தை நட்டமாகத் தூக்கிக்கொள்ளும். தாயின் குணம் இல்லை, திமிர்தான் இருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. குதிரையைத் தவிர வேறு எதையும் நான் சந்தேகப்படவில்லை.

கார்த்திகைக் கடைசியில் முதல் தடவையாக மருந்துப் பெட்டியை அதன் மேல் ஏற்றினேன். பாதி மலையில் பாறையை ஒட்டி ஒரு செங்குத்தான திருப்பம் உண்டு. அங்கே கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். செவலை தலையை விசிறியபடி பின்னால் நகர்ந்தது. பெட்டி பாறையில் மோதியது. உள்ளே பாட்டில்கள் உடையும் சத்தம் கேட்டது. பாதை முழுக்க மருந்து வாசம். நர்சம்மா உட்கார்ந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார். என்னைத் திட்டவில்லை. "மறுபடி மருந்து வார வரைக்கும் மேல எந்தப் பொண்ணுக்கும் பிரசவத்துல சன்னி வரக்கூடாதுன்னு சாமிய வேண்டிக்கோங்க" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முதலாளி கேட்டுவிட்டு இரண்டு வார்த்தைதான் பேசினார். "சேலத்து ஜட்காக்காரன் அடுத்த சந்தைக்கு வாரான். புடிச்சுக் குடுத்துரு." நான் "சரிங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? ஜட்கா ஸ்டாண்டில் நிற்கும் குதிரைகளைப் பார்த்திருக்கிறேன். வாய் ஓரம் புண்ணாகி, ஈ மொய்த்து நிற்கும். மறுநாள் காலையில் கொல்லரிடம் போய் ஒரு முள்ளுக் கடிவாளம் வாங்கி வந்தேன். உள்பக்கம் பல் பல்லாக இருக்கும். இழுத்தால் குத்தும். சந்தை நாளுக்குள் இதை வைத்துப் பணிய வைத்துவிட்டால் முதலாளி மனசு மாறுவார் என்று கணக்குப் போட்டேன்.

உடைந்த மருந்துக்கு மாற்று வாங்க நர்சம்மாவும் அன்றே இறங்கி வந்துவிட்டார். மருந்து வர நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். தெரிந்தவர் வீட்டில் தங்கினார். என் மேல் கோபம் இருக்கும் என்று நினைத்தேன். நேராகக் கொட்டகைக்கு வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அது யாருக்கு? குதிரைக்கா, உங்க மொதலாளிக்கா?"

"செவலைக்குத்தானுங்க. தாய் கடிவாளத்துக்கு மசிய மாட்டேங்குது."

"தாய் கடிவாளமா? அப்படின்னா?"

பழக்கத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, மேல்வரிசைப் பல்லை அப்படியே கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நான் ஓர் அடி பின்னால் போனேன். வேலைக்கு வந்த முதல் வருசம் மலைப் பாதையில் வழுக்கி விழுந்து பல் போய்விட்டதாம். சேலத்தில் பல்செட்டு கட்டினார்களாம். பல்லை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்:

"இதப் போட்ட முத மாசம் நானும் உங்க செவலை மாதிரியே தலைய ஆட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு ஓரம் ஒரு நெல்லு அளவுதான் பெருசு. சோறு திங்க முடியல, ஆரு பேசுனாலும் எரிஞ்சு உழுந்தேன். மூணு தடவ போயி அந்த ஓரத்த அரத்தால ராவிட்டு வந்தேன். எங்கம்மா பல்லு செட்ட எனக்கு மாட்டுனா சேருமா தம்பி? எங்கம்மா நல்லவதான்."

முள்ளுக் கடிவாளத்தைக் கீழே வைத்தேன்.

"வாயத் தொறங்க" என்றார். குதிரையின் வாயைச் சொன்னார். அவருக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பச்சைக் குழந்தையின் வாயைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார். கையை முதலில் தன் கழுத்தில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டார். பிறகு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில், பல்லே இல்லாத ஈறில், கட்டைவிரலை மெல்ல வைத்தார். செவலை உதறவில்லை. "நீங்களும் பாருங்க" என்றார். பார்த்தேன். உதட்டு ஓரம் இரண்டும் புண். நாக்கின் ஓரம் கன்றிக் கிடந்தது. மேலண்ணத்தில் ஒரு சிவப்புத் தழும்பு. தாய்க்கு அகன்ற வாய். அதன் இரும்பு இரண்டு துண்டை நடுவில் மூட்டுப் போட்டுச் சேர்த்தது. செவலையின் சின்ன வாய்க்கு அது இரண்டு விரல் அகலம் அதிகம். நான் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் நடு மூட்டு மடங்கி அண்ணத்தில் குத்தியிருக்கிறது. ஒரு மாதமாக அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்குத்தான் காது இல்லை.

மூன்று கொய்யாக் குச்சி வெட்டி வந்தேன். தோலைச் சீவி, வெல்லம் தடவி, இரண்டு முனையிலும் நூல் கயிறு கட்டி ஒவ்வொன்றாக வாயில் வைத்தோம். பென்சில் கனத்துக் குச்சியைக் கடித்துத் துப்பியது. கனமாக இருந்தால் மெத்தென்று இருக்கும் என்று கட்டைவிரல் கனத்தில் வைத்தேன். வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுகியது. மூன்றாவது சுண்டுவிரல் கனம். இயல்பாகவே நடுவில் வளைந்த குச்சி. நாக்குக்கு இடம் விட்டு நின்றது. செவலை இரண்டு தடவை மென்றது. பிறகு வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றது. "அவளே சொல்லிப்புட்டா" என்றார் நர்சம்மா. உதட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு நெல் அகலம் விட்டுக் குச்சியில் கத்தியால் கோடு போட்டேன்.

மறுநாள் கொல்லர் குச்சியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏன் மாப்ள, நேத்து முள்ளு கேட்ட. இன்னிக்கு வழுவழுன்னு கேக்கற. ஊட்டுல தங்கச்சி கிட்ட ஒத வாங்குனியா?" என்றார். ஆனால் மணல் போட்டுத் தேய்த்து நல்ல இரும்பாகக் கொடுத்தார். தாயின் கடிவாளத்தை ஒதுக்கிவிட எனக்கு மனசு கேட்கவில்லை. மாற்றினால் தாய்க்குத் துரோகம் மாதிரி இருந்தது. நர்சம்மாவிடம் சொன்னேன். "பழையபடி கட்டி வச்சுக் கும்புடுங்க. வாயில மட்டும் வெக்காதீங்க" என்றார். அப்படியே செய்தேன்.

புண் ஆறும் வரை மஞ்சளும் எண்ணெயும் போட்டேன். புது இரும்பைக் கொஞ்ச நேரம் மாட்டுவேன், கழற்றிவிடுவேன். நாலாம் நாள் சந்தை. ஜட்காக்காரன் காலையிலேயே வந்து செவலையின் காலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முதலாளி மருந்துப் பெட்டியை வேறு குதிரையில் ஏற்றச் சொன்னார். நர்சம்மா பெட்டியை விடவில்லை.

"செவல மேல ஏத்துங்க."

"உடைஞ்சா நான் பொறுப்பு இல்லீங்க நர்சம்மா" என்றார் முதலாளி.

"உடைஞ்சா மேல இருக்கற புள்ளத்தாச்சிங்களுக்கு நானுல்ல பதில் சொல்லோணும். ஏத்தச் சொல்லுங்க. நாளைக்கு வரைக்கும் அந்த ஜட்காக்காரரு இங்கயே டீ குடிச்சுட்டு இருக்கட்டும்."

கடிவாளத்தை எடுத்தேன். மார்கழிப் பனி. இரும்பு சில்லென்று இருந்தது. "காலைல என் பல்லும் இப்படித்தான் இருக்கும். கையில வெச்சுச் சூடு பண்ணித்தான் போடுவேன்" என்றார் நர்சம்மா. நானும் இரும்பை உள்ளங்கையில் மூடி வைத்திருந்து மாட்டினேன். செவலை தானே வாயைத் திறந்தது. அந்தத் திருப்பம் வந்ததும் என் கை பழக்கத்தில் கயிற்றை இறுக்கப் போனது. "விடுங்க, அவ பாத்துப் போவா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. விட்டேன். செவலை தலையைத் தாழ்த்தியது. கல்லைப் பார்த்தது. ஒவ்வொரு காலாக வைத்து ஏறியது. அதன் தாய் அப்படித்தான் ஏறும்.

மேலே போய்ப் பெட்டியைத் திறந்தோம். ஒன்றும் உடையவில்லை. அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் முதலாளி அதைச் சத்தமாகப் படித்தார். எல்லா பாட்டிலும் வந்து சேர்ந்தது, இனி என் மருந்து இந்தக் குதிரையில்தான் வர வேண்டும் என்று இருந்தது. ஜட்காக்காரன் வெறுங்கையோடு போனான். செவலை ரோடு வரும் வரை மலை ஏறியது. என் கொட்டகையில்தான் கண்ணை மூடியது.

சில வருசத்தில் நர்சம்மாவுக்கு வேறு ஊர் மாற்றல் வந்தது. அவர் சாமான்களையும் செவலைதான் இறக்கியது. நன்றி என்று வாயால் சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. "போயிட்டு வாங்க" என்றேன். அவர் செவலையின் கன்னத்தைத் தடவிவிட்டு பஸ் ஏறினார். பிறகு பார்க்கவில்லை.

போன வருசம் எனக்கும் நாமக்கல்லில் பல்செட்டு கட்டினார்கள். வலது ஓரம் உறுத்தியது. மருமகள் சோறு வைத்தால் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். "இந்த வயசுல என்ன திமிரு" என்று மகன் உள்ளே முணுமுணுத்தது காதில் விழுந்தது. எழுந்து போய் ஆணியில் இருந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தேன். மறுநாளே பஸ் ஏறிப் போய், எங்கே உறுத்துகிறது என்று டாக்டரிடம் விரல் வைத்துக் காட்டினேன். ஒரு நெல் அளவு ராவிக் கொடுத்தார்.

இப்போது மார்கழி. தம்ளர் தண்ணீரிலிருந்து பல்லை எடுத்து ஒரு கையில் மூடிக்கொள்கிறேன். இன்னொரு கையில் செவலையின் இரும்பு. இரண்டும் சூடாகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.